பனிக்கு யாராவது காசு கட்டுவாங்களா? ஒன்டாரியோ ஸ்னோமொபைல் தடங்களின் கதை

இந்த எபிசோடு ஒரு திங்கட்கிழமை சாயந்திர மீட்டிங்கில் ஆரம்பித்தது. எங்கள் டீமில் ஒருவர் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில், ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். நமக்குச் சாயந்திரம், அவருக்குக் காலை. கேமராவை ஆன் பண்ணினால் மனுஷன் கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க, ராத்திரி சர்வர் ஏதாவது படுத்திடுச்சா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லை. ராத்திரி எங்க கிளப் குரூமரை நான்தான் ஓட்டினேன்" என்றார்.

குரூமர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஸ்னோமொபைல் ஓடுகிற பனிப்பாதையைச் சீர்படுத்தும் பெரிய டிராக்டர் என்று விளக்கினார். அறுபது கிலோமீட்டர் வளையம் ஒன்று, ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி விடியும் முன்பு முடித்திருக்கிறார். "சம்பளம் நல்லா தருவாங்களா?" என்றேன். சிரித்துவிட்டார். "சம்பளமா? வருஷா வருஷம் பர்மிட்டுக்கு நான்தான் அவங்களுக்குக் காசு கட்டுறேன்."

இது எனக்குப் புரியவே இல்லை. காசும் கட்டி, ராத்திரி முழிச்சு வேலையும் பார்ப்பாங்களா? பனி வானத்திலிருந்து சும்மா விழுகிறது. நிலம் யாரோ ஒரு விவசாயியுடையது. அப்போ அந்தக் காசு எதுக்கு, யாருக்கு? இதைத் தேடிப் போனபோதுதான் தொண்ணூறு வருஷக் கதை ஒன்று கிடைத்தது.

ஒரு குழந்தை, ஒரு ஸ்ப்ராக்கெட்

கதை ஒன்டாரியோவுக்குப் பக்கத்து மாகாணமான கியூபெக்கில், வால்கூர் என்ற ஊரில் தொடங்குகிறது. அங்கே ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியர் என்று ஒரு மெக்கானிக். 1907-இல் பிறந்தவர், சொந்தமாக ஒரு கராஜ் வைத்திருந்தார். பொம்பார்டியர் பெயரை டெல்லி மெட்ரோவில் போனவர்கள் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த ரயில் பெட்டிகளைச் செய்த கம்பெனியின் வேர் இந்தக் கராஜ்தான்.

அந்தக் காலத்தில் கியூபெக் கிராமங்களில் குளிர்காலம் வந்தால் சாலைகளில் பனியை அள்ள ஆள் கிடையாது. காரைக் கட்டைமேல் ஏற்றி நிறுத்திவிட்டு, வசந்தம் வரும்வரை குதிரை இழுக்கும் சறுக்குவண்டிதான். 1934 குளிர்காலத்தில் பொம்பார்டியரின் இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி முற்றிவிட்டது. ஆஸ்பத்திரி ஷெர்ப்ரூக் நகரத்தில், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில். சாலை முழுக்கப் பனி. கராஜில் செய்துகொண்டிருந்த பனிவண்டி அப்போது ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துபோனது.

அதற்குப் பிறகு அவர் அந்த வேலையை விடவில்லை. நம்ம பைக்கில் செயினை இழுக்கிற பல்சக்கரம் இருக்கு இல்லையா, அந்த ஸ்ப்ராக்கெட்டுக்கு ரப்பர் உறை போட்டு, அது ஒரு ரப்பர் பட்டையைச் சுழற்றும்படி அமைத்தார். பனி ஒட்டாது, பட்டை கழன்று வராது. 1937-இல் பேட்டன்ட் கிடைத்தது. அதை வைத்து ஏழு பேர் உட்காரக்கூடிய பி7 வண்டியும், பிறகு பன்னிரண்டு பேருக்கான பி12 வண்டியும் வந்தன. டாக்டர், தபால், பள்ளிக் குழந்தைகள் எல்லாம் அதில்தான் போனார்கள்.

1948-இல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியை அகற்றியாக வேண்டும் என்று முடிவெடுத்தது. ஜனங்களுக்கு நல்ல செய்தி. ஆனால் பொம்பார்டியரின் வியாபாரம் சரிந்தது. சாலை திறந்துவிட்டால் பனிவண்டி எதுக்கு?

அவர் வேறு பக்கம் யோசித்தார். சாலையே இல்லாத இடங்களில் வாழ்கிறவர்களுக்கு ஒருவரோ இருவரோ போகிற சின்ன வண்டி வேண்டும். 1959-இல் ஸ்கி-டூ வந்தது. நாய்கள் இழுக்கும் வண்டிக்கு மாற்று என்பதால் முதலில் ஸ்கி-டாக் என்று பேர் வைத்ததாகவும், அச்சுப் பிழையில் அது ஸ்கி-டூ ஆனதாகவும் சொல்வார்கள். அந்த வருஷம் ஏப்ரலில் அவரே ஒரு வண்டியை வடக்கு ஒன்டாரியோவில் லான்ஸ்டவுன் ஹவுஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்த மோரிஸ் உய்மே என்ற பாதிரியாரிடம் ஓட்டிக் காட்டினார். முதல் வருஷம் விற்றது 225 வண்டிகள்.

இந்தக் கட்டம்வரை ஸ்னோமொபைல் ஒரு அத்தியாவசியப் பொருள். தடம் என்ற கேள்வியே இல்லை. வேட்டைக்காரரும் பாதிரியாரும் ஆளில்லாத காட்டில் போகிறார்கள், யாரைக் கேட்க வேண்டும்?

எல்லாரும் ஓட்ட ஆரம்பித்தபோது

அடுத்த பத்து வருஷத்தில் கதை தலைகீழானது. வண்டி சின்னது, விலை கட்டுப்படியாகிறது, ஓட்ட ஜாலியாக இருக்கிறது. அமெரிக்காவில் போலாரிஸ், ஆர்க்டிக் கேட் கம்பெனிகளும் களத்தில் இருந்தன. 1970-71 குளிர்காலத்தில் மட்டும் வட அமெரிக்காவில் கிட்டத்தட்ட 5 லட்சம் ஸ்னோமொபைல்கள் விற்றன. 225-இலிருந்து 5 லட்சம், பன்னிரண்டே வருஷத்தில். நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் வண்டி செய்துகொண்டிருந்தன.

இத்தனை வண்டியும் எங்கே ஓடும்? தெற்கு ஒன்டாரியோவில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. ஒரு பண்ணை, அடுத்து இன்னொரு பண்ணை, நடுவில் ஒருவர் வளர்க்கும் மரத்தோப்பு. பனி விழுந்ததும் வேலி, எல்லைக்கல் எல்லாம் மறைந்து, பார்க்கிற இடமெல்லாம் ஒரே வெள்ளை மைதானம். ஓட்டுகிறவருக்கு அது யாருக்கும் சொந்தமில்லாத இடம் மாதிரி தெரியும். ஆனால் பனிக்குக் கீழே ஒருத்தருடைய வாழ்வாதாரம் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்கணும். அங்கே குளிர்கால கோதுமை என்று ஒரு பயிர். இலையுதிர்காலத்தில் விதைப்பார்கள், முளைத்த பயிர் பனிக்கு அடியில் தூங்கும், அடுத்த கோடையில் அறுவடை. மாட்டுத் தீவனமான குதிரைமசாலும் அப்படித்தான் குளிரைத் தாண்டுகிறது. மேலே இருக்கிற தளர்வான பனி அதுக்கு ஒரு கம்பளி மாதிரி. பனிக்குள்ளே இருக்கிற காற்றுதான் கடுங்குளிரைத் தடுக்கிறது. அந்தப் பனிமேல் வண்டி ஓடி அழுத்திவிட்டால் கம்பளி மெலிந்துவிடும், சில இடத்தில் ஐஸ் கட்டியாகிவிடும். வசந்தத்தில் பனி கரையும்போது வண்டி போன கோட்டில் மட்டும் பயிர் செத்திருக்கும். ஓட்டினவர் அதைப் பார்க்கவே மாட்டார். அவர் ஜனவரியில் வந்துபோனவர். விவசாயி ஏப்ரலில்தான் பார்ப்பார்.

நம்ம ஊர்ல வயலுக்குள்ள இறங்காம வரப்புல நட என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வரப்பு கண்ணுக்குத் தெரியும். பனியில் வரப்பு தெரியாது. யாராவது போட்டுக் காட்டணும்.

அந்த வேலையைச் செய்யத்தான் கிளப்கள் உருவாயின. ஊர்க்காரர்கள் பத்து இருபது பேர் சேர்ந்து, வீடு வீடாகப் போய் "உங்க நிலத்து ஓரமா ஒரு தடம் போட்டுக்கலாமா? எங்க ஆளுங்க அதைத் தாண்டி வராம பார்த்துக்கறோம்" என்று கேட்பார்கள். சம்மதித்தால் குச்சி நட்டுப் பாதை குறிப்பார்கள். 1967-இல் ஒன்டாரியோ கிளப்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை ஆரம்பித்தன. பேர் ஒன்டாரியோ ஃபெடரேஷன் ஆஃப் ஸ்னோமொபைல் கிளப்ஸ், சுருக்கமாக ஓஎஃப்எஸ்சி. அதே வருஷம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலும் இதே மாதிரி ஒரு சங்கம் உருவானது. பிரச்சினை எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

இன்றைக்கு ஓஎஃப்எஸ்சி தடங்களின் மொத்த நீளம் சுமார் 30,000 கிலோமீட்டர். இந்திய ரயில்வேயின் பாதை நீளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. வடக்கில் அரசு நிலம் நிறைய, தெற்கில் ஆயிரக்கணக்கான தனியார் நிலங்கள். அந்த நிலத்துக்காரர்கள் பெரும்பாலும் ஒரு டாலர்கூட வாங்குவதில்லை.

காசு வாங்கினால் வம்பு

ஏன் வாங்குவதில்லை? நல்ல மனசு ஒரு காரணம். இன்னொரு காரணம் சட்டம். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஒரு விவசாயியாக யோசிங்க. உங்க நிலத்தில் ராத்திரி யாரோ வேகமா வண்டி ஓட்டிக்கொண்டு போய் மரத்தில் மோதிவிடுகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உங்கமேல கேஸ் போட்டால்? அந்தப் பயத்துக்கே "வேணாம்பா, என் நிலத்துல தடமே வேணாம்" என்று சொல்லத் தோன்றும்.

1980-இல் ஒன்டாரியோ ஒரு சட்டம் கொண்டுவந்தது. நிலமோ கட்டடமோ வைத்திருப்பவர் அங்கே வருகிறவர்களுக்கு என்ன பொறுப்பு என்று சொல்கிற சட்டம். பொதுவாக, வருகிறவரின் பாதுகாப்புக்கு நியாயமான கவனம் எடுக்கணும். ஆனால் பொழுதுபோக்குக்காகத் தடத்தில் வருகிறவர், கட்டணம் எதுவும் கட்டாமல் வந்தால், ஆபத்தைத் தானே ஏற்றுக்கொண்டு வந்ததாகக் கருதப்படுவார். நிலத்துக்காரர் வேண்டுமென்றே ஆபத்தை உருவாக்கக்கூடாது, ஆள் இருப்பது தெரிந்தும் அலட்சியமாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான் அவர் பொறுப்பு.

அப்போ நிலத்துக்காரர் வண்டிக்கு பத்து டாலர் என்று வசூலித்தால்? அந்தப் பாதுகாப்பு போய்விடும். முழுப் பொறுப்பும் தலையில் ஏறும். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. லாப நோக்கமில்லாத பொழுதுபோக்கு கிளப்பிடமிருந்து நிலத்துக்காரருக்கு ஏதாவது பணமோ பலனோ வந்தால், அது கட்டணமாகக் கணக்கில் வராது.

கொஞ்சம் நின்னு இதை யோசிச்சுப் பாருங்க. ஓட்டுகிறவரும் நிலத்துக்காரரும் நேரடியாகக் காசு கைமாற்றினால் ஏற்பாடே உடைந்துவிடும். நடுவில் ஒரு கிளப் வேண்டும். ஓட்டுகிறவர் கட்டும் காசை அந்தக் கூட்டமைப்பும் கிளப்களும் வாங்கித் தடத்துக்குச் செலவழிக்கின்றன. நிலத்துக்காரர் அனுமதி மட்டும் தருகிறார். பர்மிட் காசு நிலத்துக்கான வாடகை கிடையாது. அப்போ எதுக்கு?

ராத்திரி பத்து மணி வேலை

முக்கியமாக அந்தக் குரூமருக்கு. ஸ்னோமொபைல் ஓடும் தடம் தானாகச் சமமாக இருக்காது. ஒவ்வொரு வண்டியும் வேகம் எடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் பனியைக் கொஞ்சம் குவித்துவிட்டுப் போகும். அடுத்த வண்டி அந்த மேட்டில் குதித்து அடுத்த மேட்டை உருவாக்கும். ஒரு சனிக்கிழமை முடிவதற்குள் தடம் முழுக்க அலை அலையாக மேடுபள்ளம் ஆகிவிடும். மண்ரோட்டில் பஸ் போய்ப் போய் ரோடு வரிவரியாக ஆவதைப் பார்த்திருப்பீங்க, அது மாதிரி.

குரூமர் டிராக்டர் தனக்குப் பின்னால் ஒரு நீளமான இரும்புச் சட்டத்தை இழுத்துப் போகும். அதில் வரிசையாகக் கத்திகள். முதலில் மேட்டை வெட்டும், வெட்டிய பனியைப் புரட்டிக் கலக்கும், கடைசியில் ஒரு தட்டு அழுத்திச் சமன்படுத்தும். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுதான். அறுபது கிலோமீட்டர் வளையம் என்றால் ஆறு மணி நேரம். கான்கிரீட் போட்டால் இறுக நேரம் விடுவோம் இல்லையா, அதே போல அழுத்திய பனியும் குளிரில் சில மணி நேரம் சும்மா கிடந்தால்தான் துகள்கள் ஒன்றோடொன்று பிடித்து இறுகும். அதனால்தான் ராத்திரி வேலை.

அந்த டிராக்டரின் விலை லட்சக்கணக்கான டாலர். டீசல், ரிப்பேர், இன்சூரன்ஸ் தனி. பனி விழுவதற்கு முன்பே இலையுதிர்காலத்தில் சாய்ந்த மரங்களை வெட்டணும், ஓடைமேல் பாலங்களைச் சரிபார்க்கணும், பலகை நடணும், வயல் ஓரங்களிலும் ஏரிகளிலும் குச்சி நடணும். சில கிளப்களில் குரூமர் ஓட்டுகிறவருக்குச் சம்பளம் உண்டு. மற்ற வேலைகளில் பெரும்பகுதி ஊர்க்காரர்கள் சனி ஞாயிறில் செய்வது.

சாப்ட்வேர் ஆளுங்களுக்கு இது தெரிந்த கதை. நாம தினமும் பயன்படுத்துகிற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்றை எங்கேயோ ஒருத்தர் ராத்திரி முழிச்சுப் பராமரிப்பார். அது உடைந்த அன்றைக்குத்தான் அவர் இருக்கிறதே நமக்குத் தெரியும்.

கட்டாயம் ஆன கட்டணம்

ரொம்பக் காலம் ஒன்டாரியோவில் பர்மிட் வாங்குவதை மாகாணச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. கிளப்களின் விதி அது, மதிக்கிறவர்கள் மதித்தார்கள். வாங்காமல் ஓட்டுகிறவர்களும் இருந்தார்கள். தடம் அவர்களுக்கும் அதே அளவு வழவழப்பாகத்தான் இருந்தது.

2000-ஆம் ஆண்டு மாகாணச் சட்டமன்றம் ஸ்னோமொபைல் சட்டத்தைத் திருத்தியது. அதன் பிறகு ஓஎஃப்எஸ்சி தடங்களில் ஓட்ட, சில விலக்குகள் தவிர, பர்மிட் சட்டப்படி கட்டாயம் ஆனது. பர்மிட் போக்குவரத்து அமைச்சகத்தின் பேரில் வருகிறது, விற்பனையைக் கூட்டமைப்பு பார்த்துக்கொள்கிறது. முழு சீசனுக்கும் வாங்கலாம், சில நாட்களுக்கு மட்டும் வாங்கலாம், பழைய மாடல் வண்டிகளுக்குக் குறைந்த விலையில் தனிப் பர்மிட் உண்டு. சீக்கிரம் வாங்கினால் தள்ளுபடி.

பக்கத்து அமெரிக்க மாநிலங்கள் வேறு வழிகளில் போயின. வெர்மான்டில் மாநிலத் தடத்தில் ஓட்ட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு உள்ளூர் கிளப்பில் உறுப்பினராகியே தீரணும். நியூயார்க்கில் வண்டிப் பதிவுக் கட்டணத்திலேயே வித்தியாசம் வைத்தார்கள். கிளப் உறுப்பினருக்கு 45 டாலர், மற்றவர்களுக்கு 100 டாலர். விஸ்கான்சினில் 2015-இல் தடப் பாஸ் வந்தது. சங்க உறுப்பினராக இருக்கும் உள்ளூர்க்காரருக்கு 10 டாலர், உறுப்பினர் அல்லாதவருக்கு 30 டாலர்.

மூன்று மாநிலமும் கேட்பது ஒன்றுதான். காசு மட்டும் போதாது, நீ கிளப்பில் சேரு. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தள்ளுபடிக்காகச் சேர்கிறவர் பட்டியலில் ஒரு பேர்தான். அக்டோபரில் மரம் வெட்ட வருகிற கை வேறு. அபார்ட்மென்ட் அசோசியேஷனில் மெயின்டனன்ஸ் கட்டுகிறவர் எத்தனை பேர், மீட்டிங்குக்கு வருகிறவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்க. ஆனாலும் பட்டியலில் பேர் இருந்தால்தான் ஒரு நாள் கூப்பிடவாவது முடியும்.

சரி, சட்டம் காசைக் கட்டாயமாக்கிவிட்டது. பிரச்சினை முடிந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன், 2016 பற்றிப் படிக்கும்வரை.

2016: ஒரு வார்த்தையால் மூடிய தடங்கள்

ஒன்டாரியோ அரசு தடங்களுக்கு ஆதரவாக ஒரு மசோதா கொண்டுவந்தது, மசோதா எண் 100. நோக்கம் நல்லது. நிலத்துக்காரருக்கு ஆதரவான விஷயங்களே அதில் இருந்தன. அத்துமீறி நுழைந்தால் அதிகபட்ச அபராதம் 2,000 டாலரிலிருந்து 10,000 டாலராக உயர்கிறது. ஆனால் ஒரு பிரிவு வழிப்பாத்தியம் பற்றிப் பேசியது. நிலப் பத்திரத்தில் "நடைபாத்தியம், வண்டிப்பாத்தியம்" என்று படித்திருப்பீங்களே, அதே விஷயம். நிலத்துக்காரர் விரும்பினால் தன் நிலத்தில் தடத்துக்காக வழிப்பாத்தியம் எழுதிக் கொடுக்கலாம் என்றது மசோதா.

விரும்பினால் என்பது பலருக்குப் போய்ச் சேரவில்லை. அரசாங்கம் தடம் என்ற பேரில் நிலத்தை எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற பயம் கிராமங்களில், குறிப்பாகக் கிழக்கு ஒன்டாரியோவில், பரவியது. நில உரிமை அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. பல நிலத்துக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் சொன்னார்கள். கிளப்புக்குக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். நடுக் குளிர்காலத்தில், நல்ல பனி இருக்கும்போதே, தடங்கள் மூடின.

ஓட்டுகிறவர்களிடம் பர்மிட் இருந்தது, கிளப்களிடம் குரூமர் இருந்தது. அனுமதி மட்டும் இல்லை. அதனால் எதுவும் இல்லை.

கிளப்காரர்கள் மறுபடி வீடு வீடாகப் போய் விளக்கினார்கள். வழிப்பாத்தியம் முழுக்க முழுக்க விருப்பத்தின் பேரில்தான் என்று மசோதாவிலேயே தெளிவாக எழுதப்பட்டது. 2016 ஜூனில் அது சட்டமானது. ஆனால் அந்தக் குளிர்காலம் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கட்டணத்தைச் சட்டம் போட்டு வசூலிக்கலாம். சம்மதத்தை அப்படி வசூலிக்க முடியாது. அதை ஒவ்வொரு வருஷமும் யாராவது போய்க் கேட்டு வாங்கணும்.

பனி வராத வருஷம்

இதற்கு எதிராக நியாயமான ஒரு கேள்வி உண்டு. பர்மிட் சில நூறு டாலர். இலையுதிர்காலத்திலேயே வாங்கச் சொல்கிறார்கள். 2023-24 மாதிரி, கனடாவிலேயே மிக வெப்பமான குளிர்காலம் வந்து, தெற்குப் பகுதிகளில் தடம் திறக்கவே திணறினால் என் காசு என்ன ஆவது?

எனக்கும் முதலில் அது ஏமாற்று வேலை மாதிரிதான் பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது வேறு மாதிரி தெரிந்தது. பனி வரவில்லை என்றால் மிச்சமாவது டீசல் செலவு. டிராக்டரின் தவணை நிற்காது, இன்சூரன்ஸ் நிற்காது. பாலத்துக்குப் பலகை அக்டோபரில் போட்டாயிற்று. பனி வந்தபிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று எல்லாரும் காத்திருந்தால், பனி வரும் நாளில் தடம் தயாராக இருக்காது. சீக்கிரம் வாங்குகிறவருக்குத் தள்ளுபடி கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இந்தக் கணக்கு எத்தனை மோசமான குளிர்காலத்தைத் தாங்கும்? தொடர்ந்து இரண்டு மூன்று வருஷம் பனி ஏமாற்றினால் வாங்குகிறவர்கள் குறைவார்கள். குறைந்தால் இருப்பவர்களுக்குப் பாரம் கூடும். வயசான வாலண்டியர்கள் ஒதுங்குவார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலையான விஷயம். பனியைத் திருப்பிக் கொண்டுவர எந்தக் கிளப்பாலும் முடியாது.

வளையம்

எபிசோடு ரெக்கார்ட் பண்ணுவதற்கு முன்பு அந்த டீம் நண்பருடன் மறுபடி பேசினேன். "உங்க அறுபது கிலோமீட்டர் வளையம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இந்த வருஷம் அது வளையமா இல்லை" என்றார்.

வளையத்தில் ஒரு இடத்தில் தடம் ஒரு பண்ணையின் ஓரமாகப் போகும். இருபது வருஷமாக ஒரு பெரியவர் அனுமதி கொடுத்துவந்தார். ஒவ்வொரு செப்டம்பரிலும் நம்ம நண்பர் அவர் வீட்டுக்குப் போவாராம். படிவத்தில் கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம். காபி குடித்துப் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம். போன குளிர்காலத்தில் யாரோ இரண்டு பேர் குச்சிகளைத் தாண்டிக் கோதுமைக்குள் வட்டம் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வசந்தத்தில் பார்த்தால் பச்சை வயலில் இரண்டு பெரிய மஞ்சள் வளையம். பெரியவர் கோபப்படவில்லையாம். "இந்த வருஷம் வேணாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

நானூறு மீட்டர் நிலம். அது இல்லாததால் வளையம் நடுவில் அறுந்து இரண்டு முட்டுச்சந்தாகிவிட்டது. சுற்றிப் போக இன்னும் மூன்று நிலத்துக்காரர்களின் சம்மதம் வேண்டும். இதுவரை ஒருவர் சரி என்றிருக்கிறார்.

"அந்த ரெண்டு பேர்கிட்ட பர்மிட் இருந்திருக்குமா?" என்று கேட்டேன்.

"இருந்திருக்கலாம். அதனால என்ன?" என்றார்.

என் முதல் கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைக்கிறேன். காசு கட்டி, ராத்திரி முழிச்சு வேலையும் ஏன் பார்க்கிறார்? காசு டிராக்டரை ஓட்டும். அந்தப் பெரியவரின் வீட்டுக் கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும். பர்மிட் வாங்கியவர் "நான் காசு கட்டியாச்சு, எங்கே வேணா ஓட்டுவேன்" என்று நினைத்தால், அவர் வாங்கியதே என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. கட்டியது பனிக்கான டிக்கெட் கிடையாது, வேறொருவர் சும்மா கொடுத்ததைக் காப்பாற்றுகிற செலவில் ஒரு பங்கு.

கேட்கிறவர்களில் சிலர் அங்கே படிக்கவோ வேலைக்கோ போயிருப்பீங்க. ஒரு வார இறுதியில் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டப் போவீங்க. முதலில் லைசென்ஸ், ஹெல்மெட் விதிகளைப் பார்த்துக்கங்க. பர்மிட் இருக்கா என்று கடையில் கேளுங்க. அப்புறம், இது எந்த கிளப் தடம் என்றும் ஒரு வார்த்தை கேளுங்க. குச்சிகளுக்கு நடுவில் ஓட்டுங்க. எதிரில் குரூமர் வந்தால் வேகத்தைக் குறைச்சு, ஒதுங்கி வழி விட்டு, கை காட்டிட்டுப் போங்க. உள்ளே திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டிய யாரோ ஒருத்தர் உட்கார்ந்திருப்பார்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.